மைவிக்கு 17 இன்ச் ரிம்: தோட்டத்து ரோடு தாங்குமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் ஒரு தடவை எடுத்து வைக்கிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் விளங்கட்டும். உங்களுடையது 2019 பெரோடுவா மைவி 1.3 கார். கம்பெனியில் இருந்தே வந்த 14 இன்ச் ரிம், 175/65 ஆர்14 டயர். டயர் நான்கும் தேய்ந்துவிட்டன, எப்படியும் மாற்றத்தான் வேண்டும். அந்தச் சாக்கில் 17 இன்ச் ஸ்போர்ட் ரிம் போட்டுவிடலாம் என்று ஆசை. கடைக்காரர் 205/45 ஆர்17 டயர் கைவசம் இருக்கிறது, அப்படியே உட்காரும் என்று சொல்லியிருக்கிறார். வீடு சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக்குள்ளே. தார் ரோட்டைத் தொட நாலு கிலோமீட்டர் செம்மண் பாதை. வேலை ஈப்போவில், தினமும் போய் வருகிறீர்கள். இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியில், "எந்த பிராண்ட் டயர் நல்லது அண்ணே?" என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வரிக்கு நாலு பேர் நாலு பெயர் சொல்லுவார்கள். எல்லாமே ஓரளவு சரியாகவும் இருக்கும். ஆனால் உங்கள் கேள்வி அதுவல்ல என்று நினைக்கிறேன். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் ரப்பர் இருந்தால் உங்கள் பாதையில் நிம்மதியாக ஓட்டலாம் என்பதுதான் உண்மையான கேள்வி. அதை முடிவு செய்துவிட்டால் ரிம் எத்தனை இன்ச் என்பது தானாக வந்துவிடும். பிராண்ட் அதற்கும் பிறகு.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவன், அப்பா பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். 22 வருடமாக டயர் தொழில். முதல் ஆறு வருடம் ஈப்போவில் ஒரு கடையில் சம்பளத்துக்கு, அப்புறம் சொந்தமாக. இன்ஜினியரிங் படிக்கவில்லை. சஸ்பென்ஷன் கணக்கை ஆழமாகக் கேட்டால் கையை விரித்துவிடுவேன். உங்கள் காரை நேரில் பார்க்கவும் இல்லை. ஸ்பிரிங் வெட்டி இறக்கியிருந்தாலோ, முன்னால் எங்காவது மோதி நிமிர்த்திய வண்டியாக இருந்தாலோ நான் சொல்வதில் சில இடங்கள் மாறும்.

சரி, கணக்கைப் பார்ப்போம். 175/65 ஆர்14 என்றால் டயரின் அகலம் 175 மில்லிமீட்டர். 65 என்பது அந்த அகலத்தில் 65 விழுக்காடு பக்கவாட்டு உயரம், அதாவது சைட்வால். 175-இல் 65 விழுக்காடு 114 மில்லிமீட்டர் சொச்சம். 14 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். இன்ச்சுக்கு 25.4 மில்லிமீட்டர் என்று பெருக்கி, மேலே ஒரு சைட்வால், கீழே ஒரு சைட்வால் என்று கூட்டினால் முழுச் சக்கரத்தின் உயரம் சுமார் 583 மில்லிமீட்டர். இந்த 583-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் கியர், மீட்டர், ஏபிஎஸ், மட்கார்டு இடைவெளி எல்லாம் இந்த எண்ணைச் சுற்றித்தான் செய்யப்பட்டிருக்கின்றன. ரிம் பெரிதானால் சைட்வால் சிறிதாக வேண்டும், மொத்த உயரம் 583-ஐ விட்டு அதிகம் நகரக்கூடாது. தொழிலில் மூன்று விழுக்காட்டைத் தாண்டாதே என்பார்கள். நான் இரண்டையே தாண்டவிடுவதில்லை.

கடைக்காரர் சொன்ன 205/45 ஆர்17-ஐ இதே கணக்கில் போடுங்கள். சைட்வால் 92, மொத்த உயரம் 616. உங்கள் சக்கரத்தைவிட 33 மில்லிமீட்டர் உயரம், ஐந்தரை விழுக்காட்டுக்கு மேல் அதிகம். மீட்டர் 100 காட்டும்போது சக்கரம் 105-க்கு மேல் உருண்டுகொண்டிருக்கும். பொதுவாகக் கார் மீட்டர்கள் உண்மை வேகத்தைவிடச் சற்று அதிகமாகவே காட்டும்படி செய்யப்படுகின்றன, அதனால் போலீஸ் கேமராவில் உடனே மாட்டிவிடுவீர்கள் என்று பயமுறுத்தமாட்டேன். ஆனால் ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பும்போது மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கில் டயர் உரசும், பின்னால் மூன்று பேர் உட்கார்ந்து குழியில் இறங்கினால் மேலேயும் உரசும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கியர் நீண்டுபோனது மாதிரி ஆகி, ஏற்றத்தில் வண்டி சோம்பும். "அப்படியே உட்காரும்" என்றால், நிற்கும் வண்டியில் உட்காரும். அவ்வளவுதான். அந்த அளவு டயர் அவரிடம் கைவசம் இருப்பதற்குக் காரணம், அதைவிடப் பெரிய கார்கள் பலவற்றுக்கு அது பொருந்தும் என்பது.

அப்படியானால் 17-க்குச் சரியான அளவு எது என்று கேட்பீர்கள். 195/40 ஆர்17. மொத்த உயரம் 588, ஒரு விழுக்காடுகூட வித்தியாசம் இல்லை. காகிதத்தில் கச்சிதம். ஆனால் சைட்வால் 78 மில்லிமீட்டர்தான். இப்போது உங்களிடம் இருப்பது 114. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர் காணாமல் போகிறது. தார் ரோட்டிலேயே ஓடும் காருக்கு அதில் பெரிய சங்கடம் இல்லை, உடம்பு கொஞ்சம் குலுங்கும், அவ்வளவுதான். உங்கள் பாதையில் கதை வேறு.

என் கடைக்கு வந்த ஒரு பையன் கதையைச் சொல்கிறேன். எண்ணெய் ஆலையில் வேலை, புதிதாக 17 போட்டு மூன்றாவது வாரம். தோட்டத்து முகப்பில், செம்பனைக் குலை லாரிகள் திரும்பித் திரும்பி அரைத்துவைத்த ஒரு குழி. அன்று மழை, குழியில் தண்ணீர் நிரம்பித் தரையோடு தரையாகத் தெரிந்திருக்கிறது. நாற்பதில்தான் போனேன் அண்ணே என்றான். இடது பக்கம் முன்னும் பின்னும் இரண்டு டயரும் போய்விட்டன. கழற்றிப் பார்த்தால் சைட்வாலில் பாம்பு கடித்த மாதிரி அக்கம்பக்கமாக இரண்டு வெட்டு. ரிம்மின் விளிம்புக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே ரப்பர் நசுங்கினால் அப்படித்தான் வெட்டுப்படும். ரிம்மின் உள் விளிம்பு, கையால் அமுக்கிய மில்லோ டின் மாதிரி உள்ளே மடிந்திருந்தது. அவனுக்கு முன்னால் அதே குழியில் தோட்டத்து மண்டோர் (மேற்பார்வையாளர்) தன் பழைய கான்சில் காரில், 12 இன்ச் சக்கரத்தில், இறங்கி ஏறிப் போயிருக்கிறார். அவருக்குக் குழி இருந்ததே ஞாபகம் இல்லை.

உடனே வெட்டுப்பட்டால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பதுதான் மோசம். அடி வாங்கியபோது உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்து, சில நாள் கழித்துப் பக்கவாட்டில் கோழிமுட்டை மாதிரி ஒரு புடைப்பு வரும். அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய வழியே இல்லை. புடைப்பு வந்த டயரைக் கழற்றிவிட வேண்டும், அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று ஹைவேயில் ஓட்டக்கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை கழுவும்போது டயரின் உள்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள். புடைப்பு உள்பக்கம் வந்தால் வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

அடுத்து எடை. டயரில் அளவுக்குப் பக்கத்தில் 82டி, 84வி என்றெல்லாம் இருக்கும். எழுத்து வேகத்துக்கு: டி என்றால் மணிக்கு 190, ஹெச் 210, வி 240. அது உங்களுக்கு முக்கியமில்லை, நம் நாட்டு ஹைவேயில் வரம்பே 110தான். முக்கியம் அந்த எண். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும், 84 என்றால் 500, 80 என்றால் 450. உங்கள் அளவில் வரும் டயர்கள் பெரும்பாலும் 82. 195/40 ஆர்17 பெரும்பாலும் 81 எக்ஸ்.எல். (எக்ஸ்ட்ரா லோட், கூடுதல் எடைக்கான டயர்) என்று வரும். 81 என்றால் 462 கிலோ. அதுவும் சாதாரண டயரைவிட அதிகக் காற்று அடைத்தால்தான் அந்த 462. எக்ஸ்.எல். என்று போட்டிருப்பதால் பலசாலி என்று நினைத்துப் பழைய காற்றழுத்தத்தையே வைத்தால், அதே எடைக்கு அது முன்னைவிட அதிகம் நசுங்கி ஓடும், சூடாகும். காற்றை ஏற்றினால் செம்மண் ரோட்டில் பல் ஆடும். வீட்டில் அஞ்சு பேர், பூட்டில் (காரின் பின்பெட்டியில்) 14 கிலோ காஸ் தோம்பு, ஒரு மூட்டை அரிசி என்று ஓடுகிற வண்டிக்கு இந்த இழுபறி தேவையில்லை. ஏற்கெனவே இருந்த எண்ணைவிடக் குறைந்த எண் போடக்கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்போ என்ன போடலாம்? என் பதில் 15 இன்ச், 185/55 ஆர்15. மொத்த உயரம் 584 சொச்சம், உங்கள் 583-க்கு ஒரு மில்லிமீட்டர்தான் கூட. சைட்வால் 102. அதற்கும் மேலே ஒரு காரணம் உண்டு: இதே மைவியின் 1.5-க்குக் கம்பெனி போட்டு அனுப்பும் அளவே இதுதான். அவர்கள் அந்த உடம்புக்கு அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள், நீங்கள் உங்கள் காசில் சோதிக்க வேண்டியதில்லை. 1.5-இன் சொந்த ரிம்மே பழையதாகக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குவேன். பின்னால் சொல்லப்போகும் வளையம், ஆஃப்செட் எந்தத் தலைவலியும் இல்லை. அழகாக இல்லையே என்பீர்கள். அது உங்கள் கண்.

16 இன்ச்தான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால் 195/45 ஆர்16 போடலாம், உயரம் 582. சைட்வால் 88. ஆனால் இந்த அளவில் 80 என்றும் 84 எக்ஸ்.எல். என்றும் இரண்டு விதம் வரும், 84-ஐக் கேட்டு வாங்குங்கள். செம்மண் பாதையில் இருபதுக்கு மேல் போகமாட்டேன் என்று உங்களுக்கு நீங்களே சத்தியம் செய்துகொள்ள முடியுமானால் இது ஓடும். காலை ஏழு மணிக்கு வேலைக்கு லேட்டாகிவிட்ட நாளில் அந்தச் சத்தியம் நிற்குமா என்று எனக்குத் தெரியாது. 17 வேண்டாம். பட்டணத்தில் வீடு மாற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி ரிம் பொருந்துவது. இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மைவிக்கு நாலு போல்ட், அவை நிற்கும் வட்டத்தின் குறுக்களவு 100 மில்லிமீட்டர். கடையில் "நாலு நூறு" என்பார்கள். இது எல்லோருக்கும் தெரியும். சில ரிம்களில் எட்டு ஓட்டை போட்டிருப்பார்கள், நாலு 100-க்கு, நாலு 114.3-க்கு. தெரியாத விஷயம் நடு ஓட்டை. மைவியின் ஹப்பில், அதாவது ரிம்மை மாட்டும் நடுப்பகுதியில், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் வட்டம் 54.1 மில்லிமீட்டர். வெளியே விற்கும் ரிம்கள் பலவற்றில் நடு ஓட்டை 73.1 இருக்கும், எல்லாக் கார்களுக்கும் போடலாமே என்று. விட்டத்தில் 19 மில்லிமீட்டர் வித்தியாசம். ரிம் ஹப்பின் மேல் உட்காராமல் நட்டுகளை நம்பியே நிற்கும். 80, 90-இல் ஸ்டீரிங் நடுங்கும். பாலன்சிங் மூன்று தடவை செய்தும் போகாது. இதற்கு 73.1-க்கும் 54.1-க்கும் நடுவே போடும் வளையம் விற்கிறது, சொற்பக் காசு. பிளாஸ்டிக்கும் உண்டு, அலுமினியமும் உண்டு. அலுமினிய வளையம் நம் மழையில் ஹப்போடு பிடித்துக்கொள்ளும், கழற்றச் சுத்தியல் வேண்டும். நான் பிளாஸ்டிக்கையே போடுவேன். நாலும் போட்டிருக்கிறார்களா என்று நின்று பாருங்கள்.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் பின்பக்கம் ஈ.டி. (ET) என்று போட்டு ஒரு எண் வார்த்திருப்பார்கள். ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டில் இருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்பதே அந்த எண். எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே துருத்தும். உதாரணத்துக்கு, பழைய ரிம் ஐந்தரை இன்ச் அகலம், ஈ.டி. 45 என்று வைத்துக்கொள்வோம். புதியது ஏழு இன்ச் அகலம், ஈ.டி. 38. அகலம் ஒன்றரை இன்ச் கூடுகிறது, பக்கத்துக்கு 19 மில்லிமீட்டர். ஆஃப்செட் ஏழு குறைந்ததால் வெளிப்பக்கம் 19-உம் 7-உம் சேர்ந்து 26 வெளியே வரும். உள்பக்கம் 19-இல் 7 போக 12 உள்ளே போகும். 26 மில்லிமீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டு விரல். மட்கார்டைத் தாண்டி டயர் வெளியே தெரிந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) சோதனையில் சிக்கல், காரை விற்கும்போது புஸ்பகோம் வாகனப் பரிசோதனையிலும் கேள்வி வரும். அதற்கும் முன்னால் நீங்கள் வாரிப்போடும் செம்மண் எல்லாம் உங்கள் கதவிலேயே அப்பிக்கொள்ளும். உங்கள் பழைய ரிம்மைக் கழற்றி அதன் பின்னால் உள்ள எண்களை முதலில் போட்டோ எடுங்கள். என் உதாரண எண்ணை உங்கள் ரிம்மின் எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நட்டைப் பற்றி நானே அசிங்கப்பட்ட கதை ஒன்று உண்டு. சொந்தக் கடை போட்ட முதல் வருடம். ஒரு வாடிக்கையாளருக்கு வெளியில் வாங்கிய ரிம் மாட்டிவிட்டு, காரோடு வந்த நட்டுகளையே போட்டு இறுக்கி அனுப்பினேன். ஹோண்டாவின் சொந்த நட்டுக்கு அடி உருண்டையாக இருக்கும். வெளி ரிம்முக்கு வேண்டியது கூம்பு. இறுக்கும்போது இறுகியது மாதிரிதான் இருந்தது. இரண்டு நாள் கழித்து, "முன் சக்கரத்தில் டக் டக் என்று சத்தம்" என்று திரும்பி வந்தார். நாலில் மூன்று நட்டு விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தன. அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிலிருந்து ரிம்மில் நட்டு உட்காரும் குழியையும் நட்டின் அடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் மாட்டுவதில்லை. நட்டைக் கையால் எத்தனை சுற்று ஏறுகிறது என்றும் எண்ணுங்கள். மைவி போல்ட் 12 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஏறும். எட்டுச் சுற்றாவது முழுதாகப் பிடிக்க வேண்டும். நாலைந்தில் நின்றுவிட்டால் ரிம்மின் முகம் தடிமனாக இருக்கிறது, அல்லது ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே யாரோ ஸ்பேசர் தட்டு சொருகியிருக்கிறார்கள். இரண்டும் வேண்டாம்.

பழைய ரிம் வாங்குவதில் தப்பில்லை. ஜப்பானில் இருந்து வரும் பழைய கார்ப் பாகங்களை விற்கும் ஹாஃப்கட் கடைகளில் நல்ல ரிம் கிடைக்கும், புதிதாக விற்கும் மட்டமான நகலைவிட நூறு மடங்கு மேல். ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. என்ற இரண்டு முத்திரை வார்ப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது ஜப்பானின் அலாய் ரிம் தரம், செய்தவரே சோதித்து அடித்துக்கொள்வது. இரண்டாவது வெளியார் சோதனையில் தேறியது. முத்திரையையும் நகல் எடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஆகவே முத்திரை இல்லாததைத் தள்ளலாம், இருப்பதனாலேயே நம்பிவிட முடியாது. சந்தையில் பானை வாங்குகிற மாதிரி ஸ்பேனரால் தட்டிக் கேட்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. கணீரென்று கேட்டால் மனசுக்கு ஒரு திருப்தி, மற்றபடி அதை நம்பி ஒரு சென்கூடக் கொடுக்கமாட்டேன். நம்பக்கூடியது, டயர் இல்லாத வெறும் ரிம்மைப் பாலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு விளிம்பைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது. வளைந்தது தெரிந்துவிடும். உள் பக்கத்தில் வெல்டிங் தழும்பு, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எடையையும் பாருங்கள். என் கடையில் தொங்கு தராசு ஒன்று இருக்கிறது, அந்தக் காலத்தில் தோட்டத்தில் கட்டுப்பால் (உறைந்த ரப்பர் பால்) நிறுத்தது. ஒரு மைவியில் கழற்றிய 14 இன்ச் சக்கரத்தை டயரோடு தொங்கவிட்டேன், 13 கிலோ சொச்சம். அதே வண்டிக்கு வாங்கி வந்த 17 இன்ச் நகல், டயரோடு 18-ஐத் தொட்டது. நாலு சக்கரத்துக்கும் சேர்த்து இருபது கிலோ. அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சுற்றுகிற எடை. பெட்ரோல் கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடும். எவ்வளவு என்று லிட்டர் கணக்கில் சொல்பவரை நம்பாதீர்கள், கால் எப்படி அழுத்துகிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் பிரேக்கும் ஏற்றமும் கனத்துப்போனது முதல் நாளே காலுக்குத் தெரியும்.

இப்போது டயர். இங்கே நான் மழையைத்தான் முதலில் பார்ப்பேன். ரோட்டில் சிந்திய செம்பனைப் பழம் லாரிச் சக்கரத்தில் அரைந்து எண்ணெயாகக் கிடக்கும், மத்தியானம் மூன்று மணிக்கு முதல் தூறல் விழும்போது அதன் மேல் பிரேக் போட்டவருக்குத் தெரியும். அகலமான டயர் என்றால் மழையிலும் நன்றாகப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தண்ணீர் தேங்கிய ரோட்டில் அது தலைகீழ்: அகலம் கூடினால் ஒதுக்க வேண்டிய தண்ணீரும் கூடும், டயர் சீக்கிரம் தண்ணீர் மேல் ஏறிக்கொள்ளும். காற்றழுத்தமும் இதில் பெரிய ஆள். 1960-களில் நாசா விமானச் சக்கரங்களை வைத்துச் சோதித்து ஒரு சூத்திரம் சொன்னது. அதன்படி 32 பி.எஸ்.ஐ. காற்று இருந்தால் மணிக்கு 94 கிலோமீட்டர் வாக்கில் டயர் மிதக்கத் தொடங்கும், 24 பி.எஸ்.ஐ. என்றால் 82-லேயே. கார் டயருக்கு இது அப்படியே பொருந்தாது, பூவின் (டயரில் ரோட்டைத் தொடும் கோடுகளின்) ஆழம், தண்ணீரின் ஆழம் எல்லாம் சேர்ந்து மாற்றும். ஆனால் காற்று குறைந்தால் சீக்கிரம் மிதக்கும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை போய்விட்டு ஹைவேயில் ஈப்போவுக்குத் திரும்பும்போது, மெனோரா சுரங்கப்பாதை தாண்டி ஜெலாப்பாங் பக்கம் இறங்குகிற வளைவுகளில் மழை பிடித்தால் இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

டயரின் பக்கத்தில் டிரெட்வேர், டிராக்‌ஷன், டெம்பரேச்சர் என்று மூன்று இருக்கும். டிராக்‌ஷன் என்பது ஈர ரோட்டில் நேராக பிரேக் போடும்போது உள்ள பிடிப்பு: ஏஏ மேல், ஏ பரவாயில்லை, பி-யை நான் என் வீட்டு வண்டிக்குப் போடமாட்டேன். டிரெட்வேர் எண் பெரிதானால் அதிக நாள் உழைக்கும் என்பார்கள், ஆனால் அந்த எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் தானே போட்டுக்கொள்கிறது, ஒரு பிராண்டின் 400-ஐ இன்னொன்றின் 400-ஓடு ஒப்பிடுவது வீண். தேதி பார்க்காமல் வாங்காதீர்கள். டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு எண்: 1824 என்றால் 2024-ஆம் வருடம் 18-ஆவது வாரம். இது டயரின் ஒரு பக்கத்தில்தான் முழுதாக இருக்கும், அந்தப் பக்கம் காரின் உள்ளே போய்விட்டால் குனிந்து பார்க்க வேண்டும். மாட்டுவதற்கு முன்பே பாருங்கள். ஒரு வருடத்துக்குள் செய்தது என்றால் சரி. மூன்று வருடம் வெயில்படும் முன்பக்கத்தில் அடுக்கியிருந்த டயரை மலிவு விலைக்குக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம், ரப்பர் ஓடாமல் இருந்தாலும் வயதாகும். அப்பா சொல்லுவார், பாலில் இருந்து ஒட்டுப்பால் வரை எல்லாம் உயிருள்ள சாமான் என்று. இங்கிருந்து பக்கத்துக் குவாலா கங்சாரில் 1877-இல் நட்ட கன்றுகளில் இருந்துதான் இந்த நாட்டுக்கு ரப்பரே வந்தது. இன்றைக்கு அந்தத் தோட்டங்கள் செம்பனையாகிவிட்டன, டயரைப் பெட்டியில் வரவழைத்து விற்கிறேன்.

பிராண்ட் கேட்டீர்களே. பெயர் சொல்லமாட்டேன், சொன்னால் கடைக்காரன் புத்தி என்பீர்கள். 17 இன்ச்சுக்கு ஒதுக்கிய காசில் 15 இன்ச் ரிம் வாங்கினால் மிச்சம் வரும். அந்த மிச்சத்தை டயரில் போட்டு, டிராக்‌ஷன் ஏ-க்குக் குறையாமல், நடுவில் நேராக ஓடும் அகலமான தண்ணீர்க் கோடுகள் உள்ளதாக எடுங்கள். செம்பனை மட்டையின் முள் சைட்வாலில் ஏறினால் எந்தப் பிராண்டும் தப்பாது, அதில் எல்லோரும் சமம்.

காப்புறுதிக்காரரிடம் ரிம் மாற்றியதை எழுத்தில் சொல்லிவைத்துவிடுங்கள், வாய்ச்சொல் வேண்டாம்.

மாட்டுகிற அன்று அவசரப்படாதீர்கள். மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கில் சுண்ணக்கட்டியைத் தேய்த்துவிட்டு, பின்னால் மூன்று ஆளை உட்காரவைத்து, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒரு மேட்டில் ஏறி இறங்குங்கள். திரும்பி வந்து பார்த்தால் சுண்ணாம்பு எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசுகிறது. நட்டை ஏர் கன்னால் மட்டும் அடித்து முடிக்கவிடாதீர்கள், கடைசி இறுக்கு டார்க் ஸ்பேனரில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு. ஈப்போவுக்கு ஒரு தடவை போய் வந்த பிறகு, நூறு கிலோமீட்டருக்குள், மறுபடி ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். புது ரிம்மின் பெயிண்ட் நசுங்கிக் கொஞ்சம் இடம் கொடுக்கும்.

அப்புறம் கழற்றிய 14 இன்ச் சக்கரங்கள். கடைக்காரர் வாங்கிக்கொள்கிறேன் என்பார். நாலில் கொஞ்சமாவது பூ மிஞ்சியிருக்கும் ஒன்றையாவது வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பூட்டில் உள்ள ஸ்பேர் எந்த நிலையில் இருக்கிறது என்றும் அன்றே பார்த்துவிடுங்கள். 185/55 ஆர்15 போட்டால் உயரம் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், பஞ்சரான ராத்திரியில் அந்த 14-ஐ மாட்டி வீடு வரை வந்துவிடலாம். 616 உயரச் சக்கரம் ஒரு பக்கம், 583 இன்னொரு பக்கம் என்று முன்னால் மாட்டி ஓட்டினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து இழுக்கும், கியர் பெட்டிக்குள், வளைவில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல், நேர் ரோட்டிலும் சும்மா இருக்காமல் அரைத்துக்கொண்டே வரும். பழைய நட்டுகளையும் அதே பையில் போட்டுவையுங்கள். கம்பெனி ரிம்முக்கு அவைதான் பொருந்தும்.